டெல்ஃப் ஏ2 எழுத்துத் தேர்வும் என் இரவு நோட்டும்

பிரெஞ்சு மொழித் திறனைச் சோதிக்கும் டெல்ஃப் தேர்வில் ஏ2 என்கிற தொடக்க நிலை எழுதியிருந்தேன். ரிசல்ட் வந்துவிட்டது. எழுத்தில் 25க்கு 21.5. கேட்டலில் 11, அதைப் பற்றி வாய் திறக்க எனக்கு அருகதை இல்லை. எப்படியோ மொத்தம் 50ஐத் தாண்டி, எந்தப் பகுதியிலும் 5க்குக் கீழே போகாமல் பாஸ். எழுத்தில் மட்டும் எப்படி இவ்வளவு என்று வகுப்பில் கேட்கிறார்கள். என் பதில் ஒன்றுதான்: பாஸே கொம்போஸே, அதாவது நடந்து முடிந்ததைச் சொல்லும் பிரெஞ்சு இறந்தகாலம். 'அவ்வார்' அல்லது 'எத்ர்' என்ற துணைவினையும், பார்த்திசிப் என்கிற வினையின் முடிந்த வடிவமும் சேர்ந்தது அது.

முதல் கேள்வி எந்த வேஷத்தில் வந்தாலும் பெரும்பாலும் நடந்து முடிந்த கதையைத்தான் கேட்கும். போன வார இறுதி, ஒரு கல்யாணம், புது வேலையில் முதல் நாள், ஒரு ஊர்ப் பயணம். குறைந்தது 60 சொற்கள். அதற்குள் எப்படியும் எட்டுப் பத்து வினைகள் விழும். அவை சரியாக இருந்தால் மீதிக் குறைகளைத் திருத்துபவர் மன்னித்துவிடுவார் என்பது என் நம்பிக்கை.

எத்ரைத் துணைவினையாக எடுக்கும் வினைகளைச் சொல்லிக்கொடுக்க எல்லா வகுப்பிலும் அந்த வீட்டுப் படத்தைப் போடுவார்கள். வாசலில் வருவது, மாடிப்படி ஏறுவது, இறங்குவது, விழுவது, பிறப்பது, சாவது எல்லாம் ஒரே வீட்டுக்குள். படம் அழகுதான். ஆனால் பட்டியலைத் தலைகீழாக ஒப்பிப்பவர்கள்கூட வாக்கியம் எழுதும்போது 'ழ சுயி அலே' (நான் போனேன்) என்பதற்குப் பதில் அவ்வார் போட்டு 'ழே அலே' என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். பட்டியல் ஒரு பக்கம், எழுதும் கை ஒரு பக்கம் என்று நின்றுவிடுகிறது.

நான் செய்தது இதுதான். தினமும் படுக்கும் முன், அன்று நடந்ததைக் கையால் எட்டு வரி எழுதினேன். செயலியில் இல்லை, நோட்டில். எழுந்தேன், காபி குடித்தேன், கிளம்பினேன், பஸ் பிடித்தேன், லேட்டாகப் போய்ச் சேர்ந்தேன், ஒரு மீட்டிங் இருந்தது, வீட்டுக்குத் திரும்பினேன், படுத்தேன். எண்ணிப் பாருங்கள்: எழுவதும் படுப்பதும் 'ச' (தன்னைத்தானே) சேர்ந்த வினைகள், கிளம்புவதும் சேர்வதும் திரும்புவதும் எத்ர், குடிப்பதும் பிடிப்பதும் அவ்வார், அதுவும் ஒழுங்கற்ற பார்த்திசிப்போடு. ஒரு சாதாரண நாளுக்குள் இலக்கணப் புத்தகத்தின் மூன்று பாடம் அடங்கிவிடுகிறது. நம் வாழ்க்கை தினமும் ஒரே மாதிரி இருப்பது இதற்கு ரொம்ப வசதி. அதே இருபத்தைந்து வினைகள்தான் திரும்பத் திரும்ப வரும். சில வாரங்களில் 'ழ சுயி' எழுதாமல் 'அலே' எழுதக் கை மறுக்கும்.

எல்லாம் 'ழ'விலும் (நான்) 'நூ'விலும் (நாங்கள்) மட்டும். ஏ2வில் கதை நம்முடையது, போனது நாமும் நண்பர்களும். மற்ற வடிவங்களைத் தெரிந்து வைத்திருங்கள், அவற்றுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

நோட்டின் பின் அட்டையில் நான் எழுதி வைத்திருந்தவை:

- எத்ர் வந்தால் பார்த்திசிப் எழுவாயைப் பார்க்கும். எழுதுபவர் பெண் என்றால் கூடுதலாக ஓர் ஈ எழுத்து. 'நூ' என்றால் எஸ். எல்லோரும் பெண்கள் என்றால் இரண்டும்.
- அவ்வார் வந்தால் எழுவாயைத் திரும்பிக்கூடப் பார்க்காது.
- எத்ர் தானே வினையாக வந்தால் அதற்கு அவ்வார்: 'ழே எத்தே' (நான் இருந்தேன்). இதில் தடுக்கி விழாதவர் குறைவு.
- 'இல்லை' என்று சொல்லும் 'ந'வும் 'பா'வும் துணைவினையைத்தான் அணைக்கும், பார்த்திசிப்பை இல்லை. 'தேழா' (ஏற்கெனவே), 'பியான்' (நன்றாக), 'போக்கு' (நிறைய) மூன்றும் துணைவினைக்கும் பார்த்திசிப்புக்கும் நடுவில்.
- 'துவ்வார்' (செய்ய வேண்டியிருப்பது) வினையின் பார்த்திசிப்பில் யு எழுத்தின் மேல் தொப்பிக் குறி.

சொர்த்தீர் (வெளியே போவது), மோந்த்தே (ஏறுவது), தெஸாந்த்ர் (இறங்குவது), பாஸே (கடப்பது, கழிப்பது), ராந்த்ரே (வீடு திரும்புவது), ரத்துர்னே (திரும்பிப் போவது) ஆறும் தனி ஜாதி. நேரடிச் செயப்படுபொருள் வந்துவிட்டால் அவ்வாருக்குத் தாவிவிடும். நாம் வெளியே போனால் எத்ர், நாயை வெளியே கூட்டிப்போனால் அவ்வார். கோவாவில் ஒரு வாரம் கழித்தோம் என்றாலும் அவ்வார்தான், 'நூஸ் அவோன் பாஸே'. இந்தக் கடைசி வாக்கியம் தேர்வில் கட்டாயம் தேவைப்படும். மற்றவற்றில் சந்தேகம் இருந்தால் அந்த வினையையே தவிர்த்துவிடுங்கள். நான் பயந்த சுபாவம். தெரியாத வினையைத் தொடவே மாட்டேன். துணிச்சல்காரர்களுக்கு இந்த யோசனை பிடிக்காது.

எல்லாவற்றையும் பாஸே கொம்போஸேயில் எழுதினால் போலீஸ் புகார் மாதிரி இருக்கும். 'செத்தே' (அது இருந்தது), 'இல் யாவே' (அங்கே இருந்தது), 'இல் ஃபஸே' (வானிலை சொல்ல) என்று மூன்று அம்பார்ஃபேயை (பின்னணி சொல்லும் இன்னோர் இறந்தகாலம்) கையில் வைத்துக்கொண்டு, இடத்தையும் வானிலையையும் சொல்லும்போது போடுங்கள். ஏ2வுக்கு அது போதும்.

45 நிமிடத்தில் கடைசி ஐந்தைத் தொடாமல் வைத்திருந்தேன். அதில் புது வாக்கியம் எதுவும் இல்லை. வினைகளை மட்டும் தேடி, ஒவ்வொன்றிலும் துணைவினை சரியா, வால் எழுத்து சரியா என்று பார்த்தேன். விட்டுப்போன ஈக்கள் அங்கேதான் மாட்டின.

பேச்சுத் தேர்வில் வேறு தொல்லை. காதுக்கு ஈயும் எஸ்ஸும் பெரும்பாலும் கேட்காது, அது நிம்மதி. ஆனால் 'ழ'வும் (நான்) 'ழே'வும் (நான் + அவ்வார்) தெளிவாகப் பிரிய வேண்டும். அவசரத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டால், சாப்பிடுகிறீர்களா சாப்பிட்டீர்களா என்று தேர்வாளருக்குப் புரியாது. நோட்டில் எழுதியதைச் சத்தமாக ஒரு முறை படித்தாலே இது பாதி சரியாகும்.

அப்புறம், என் நோட்டை ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். மன்னிக்கவும். பாதிப் பக்கத்தில் எங்கள் மேனேஜர் இருக்கிறார், அதுவும் சரியான பார்த்திசிப்போடு.