பீரோவில் இருந்த மாத்திரைகள்

ஜூன் 3, 2024

காலை ஏழு மணிக்கு அண்ணி போன். "தம்பி, உங்க அண்ணனுக்கு வாய் கோணுது. காபி டம்ளரைப் பிடிக்க முடியலை." 108-ஐக் கூப்பிடச் சொல்லிவிட்டு ஓடினேன். பக்கவாதம். ஸ்கேனில் மூளையில் ரத்தக் கசிவு இல்லை, ரத்தக் குழாயில் அடைப்புதான். நாலரை மணி நேரத்துக்குள் வந்துவிட்டதால் உறைந்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாம் என்றார்கள். ஆனால் பிரஷர் 210/120. அதை 185/110-க்குக் கீழே இறக்கினால்தான் ஊசி. அந்த அரை மணி நேரம் மானிட்டரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜூன் 5

டாக்டர் பழைய மாத்திரைகளைக் கேட்டார். அண்ணி பீரோவிலிருந்து எடுத்துவந்த ஒரு துணிக்கடைப் பையைக் கொட்டினார். அத்தனையும் அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை, பிரிக்காத அட்டைகள். அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாதாமாதம் வீட்டுக்கே வந்தவை. பொங்கல் சமயத்தில் 130/80 வந்ததாம். "அதான் சரியாயிடுச்சே" என்று அண்ணன் நிறுத்திவிட்டார். மாத்திரை போட்டதால்தானே 130! தலைவலி, மயக்கம் எதுவும் இல்லாததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. டாக்டர் கோபப்படக்கூட இல்லை. தினமும் பார்ப்பார் போல.

ஜூன் 9

என் முறை. எடை 88 கிலோ. மனைவி தையல் டேப்பை இடுப்பில் சுற்றும்போது தொப்பையை உள்ளிழுத்தேன். "மூச்சை விடுங்க" என்றாள். 104 சென்டிமீட்டர். நம் ஊர் ஆண்களுக்கு 90-க்குள் இருக்க வேண்டுமாம். பிரஷர் மூன்று நாளாக 150-க்குக் கீழே இறங்கவில்லை. தொப்பைக் கொழுப்பு சும்மா தொங்கிக்கொண்டிருப்பதில்லை; சிறுநீரகத்தை உப்பையும் நீரையும் பிடித்துவைக்கச் செய்து பிரஷரை ஏற்றிவிடுகிறது. அந்த அழுத்தத்தில் வருடக்கணக்காக அடிபட்டு, மூளைக்குப் போகும் குழாய்கள் தடித்துப்போகின்றன. இத்தனை நாள் இதைப் 'பூசினாற்போல உடம்பு' என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 12

எனக்கும் மாத்திரை. ஆபீசில் ஒருவர், "இந்த வயசுலயேவா? ஆரம்பிச்சா விட முடியாதே" என்றார். அண்ணனிடமும் யாரோ இப்படிச் சொல்லியிருப்பார்கள். நாளுக்கு 5 கிராம் உப்பு, அதாவது ஒரு டீஸ்பூன்தான் கணக்கு. தயிர்சாதத்துக்கு நான் வைத்துக்கொள்ளும் ஆவக்காயே பாதியைத் தின்றுவிடும்.

ஜூன் 16

அண்ணன் வீடு திரும்பி இரண்டு நாள். வலது கையால் சட்டைப் பொத்தான் ஒன்றைப் போட்டார், நாலு நிமிடம் ஆனது. பேச்சு இன்னும் குழறுகிறது. மத்தியானம் ரசம்சாதம் ஒரு வாய் வாங்கியவர், அண்ணியை நிமிர்ந்து பார்த்துத் தெளிவாகச் சொன்னார்: "உப்பே இல்லை."