கையால் இயக்கினால் அச்சிடும், தானாகத் தொடங்கினால் அச்சிடாது

எங்கள் பழைய பில் மென்பொருளுக்குத் தெரிந்த அச்சு வழி ஒன்றுதான். வலையமைப்பில் ஒரு முகவரியின் 9100 ஆம் போர்ட்டை, அதாவது எண்ணிட்ட வாயிலைத் திறந்து, ரசீதுக்குரிய பைட்டுகளை அப்படியே கொட்டிவிடும். ரசீது பிரிண்டரோ ஒரு லினக்ஸ் கணினியில் யூஎஸ்பி வழியாக இணைந்திருந்தது. லினக்ஸில் அச்சு வேலைகளைக் கவனிக்கும் கப்ஸ், 631 ஆம் போர்ட்டில் ஐபிபி நெறிமுறையில் பேசுமே தவிர, 9100 பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு ரசீதின் நகலையும் சேமித்து வைக்கவும் வேண்டியிருந்தது. ஆகவே 9100 இல் காத்திருந்து, வருவதைக் கோப்பில் எழுதிக்கொண்டு, எல்பி கட்டளை மூலம் கப்ஸிடம் ஒப்படைக்கும் சிறு நிரல் ஒன்றைப் பைத்தானில் எழுதினேன். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையத்தில் இயக்கியதும் முதல் முறையே ரசீது வந்துவிட்டதால், இதைக் கணினியுடன் சேர்ந்து தொடங்கும் சேவையாக மாற்றுவது அரை மணி நேர வேலை என்று நினைத்தேன். இரண்டு நாட்கள் பிடித்தன.

லினக்ஸில் சேவைகளைத் தொடங்கிக் கவனித்துக்கொள்ளும் சிஸ்டம்டிக்கான யூனிட் கோப்பை, அதாவது சேவையை விவரிக்கும் கோப்பை எழுதுவதில் சிரமம் ஏதுமில்லை. எந்தக் கோப்பை இயக்குவது, எந்தப் பயனராக இயக்குவது, விழுந்தால் மீண்டும் எழுப்புவதா என்று சில வரிகள் போதும். எழுதி, அதைச் சிஸ்டம்டி மீண்டும் படிக்க டீமன்-ரீலோட் கொடுத்து, சேவையைத் தொடங்கினேன். உடனே விழுந்தது. சேவைகளின் செய்திகள் சேரும் பதிவேட்டின் கடைசி வரி, சேவை மிக வேகமாகத் திரும்பத் திரும்பத் தொடங்கப்படுவதாகச் சொன்னது. விழுந்தால் எழுப்பு என்று நானே எழுதியிருந்ததால், சிஸ்டம்டி 0.1 வினாடி இடைவெளியில் மீண்டும் மீண்டும் முயன்று, 10 வினாடிக்குள் 5 முறை என்ற வரம்பைத் தொட்டுக் கைவிட்டிருக்கிறது. அந்தக் கடைசி வரியையே நோயென்று எடுத்துக்கொண்டு வரம்பைத் தளர்த்தப் பார்த்தது என் தவறு. பதிவேட்டில் சற்று மேலே போனால் 203 என்ற எண்ணும் எக்ஸெக் என்ற சொல்லும் இருந்தன. அதாவது நிரலை இயக்கவே முடியவில்லை.

கோப்பு அதே இடத்தில் இருந்தது, இயக்க அனுமதியும் இருந்தது. வெகுநேரம் கழித்து, கோப்பின் பைட்டுகளைப் பதினாறடிமான எண்களாகப் பார்த்தபோதுதான், கோப்பைப் பைத்தானைக் கொண்டு இயக்கு என்று சொல்லும் முதல் வரியின் முடிவில், வரி முடிவைக் குறிக்கும் 0ஏ-வுக்கு முன்னால் ஒரு 0டி நிற்பது தெரிந்தது. கோப்பை நான் ஒருமுறை விண்டோஸ் கணினியில் திருத்தியிருந்தேன். அங்கே வரி முடிவுக்கு இரண்டு எழுத்துகள். விளைவாக, பைத்தான் என்ற பெயரின் வாலில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொள்ள, அப்படியொரு நிரல் இல்லை என்று லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் கைவிரித்துவிட்டது. முனையத்தில் நான் பைத்தான் என்று தட்டச்சு செய்து அதன்பின் கோப்பின் பெயரைக் கொடுத்து வந்ததால், அந்த முதல் வரி ஒருபோதும் தேவைப்பட்டதே இல்லை.

இதற்குப் பின் வந்த தடைகளும் ஏறக்குறைய இதே சாயலில்தான் இருந்தன. முனையம் எனக்குச் சொல்லாமலே செய்துகொடுத்த உதவிகள், சேவைக்குக் கிடைக்கவில்லை. நகல்களை நிரல் இருக்கும் கோப்புறைக்குள் என்று நினைத்து வெறும் பெயரால் குறிப்பிட்டிருந்தேன். சேவையின் நடப்புக் கோப்புறையோ கோப்பு முறைமையின் வேர். அங்கே எழுத, இதற்கென நான் உருவாக்கிய சாதாரணப் பயனருக்கு உரிமையில்லை. யூனிட் கோப்பில் ஸ்டேட்டைரக்டரி என்ற வரியைச் சேர்த்ததும், வார்-லிப் கோப்புறையின் கீழ் ஓர் இடத்தைச் சிஸ்டம்டியே உருவாக்கி அந்தப் பயனருக்கு உரிமையாக்கித் தந்தது. கையால் கோப்புறை உருவாக்கி உரிமை மாற்றுவதைவிட இதையே பரிந்துரைப்பேன்.

அடுத்து, இயல்பான பிரிண்டர் எதுவும் இல்லை என்று எல்பி மறுத்தது. அந்தத் தேர்வு என் வீட்டுக் கோப்புறையில் எனக்காக மட்டும் எழுதப்பட்டிருந்தது. நிரலிலேயே பிரிண்டரின் பெயரைக் குறிப்பிட்டேன். கப்ஸ் இடையில் புகுந்து எதையும் மாற்றாமல் பைட்டுகளை உள்ளபடியே அனுப்பும்படி ரா என்ற விருப்பத்தை எல்பிக்குக் கொடுப்பது முன்பே இருந்தது. அது இல்லாவிட்டால் தாளை வெட்டும் கட்டளைகூட எழுத்தாக அச்சாகும் வாய்ப்புண்டு.

என்னை மிகவும் குழப்பியது பதிவேட்டின் மௌனம். ரசீது வந்தது, நகல் சேர்ந்தது, ஆனால் நிரல் எழுத வேண்டிய தகவல் வரிகளில் ஒன்றுகூடப் பதிவேட்டில் இல்லை. வெளியீடு முனையத்துக்குப் போகும்போது பைத்தான் வரிக்கு வரி அனுப்புகிறது. வேறெங்காவது போனால் ஒரு கொத்தாகச் சேரும்வரை கையில் வைத்துக்கொள்கிறது. சேவையை நிறுத்தியபோது, சேர்ந்திருந்த வரிகளும் நிரலோடு மறைந்துவிட்டன. பிழைச் செய்திகள் மட்டும் வேறு வழியாக உடனுக்குடன் வந்ததால், முந்தைய கோளாறுகளின்போது இது என் கவனத்துக்கு வரவில்லை. பைத்தான்அன்பஃபர்ட் என்ற சூழல் மாறிக்கு யூனிட் கோப்பில் 1 என்று மதிப்பளித்ததும் வரிகள் வரத் தொடங்கின.

கணினியை மறுதொடக்கம் செய்தபோது இன்னொன்று. குறிப்பிட்ட ஒரு முகவரியில் மட்டும் காத்திருக்கும்படி எழுதியிருந்தேன். சேவை எழும் நேரத்தில் அந்த முகவரி கணினிக்கு இன்னும் கிடைத்திருக்கவில்லை. எல்லா முகவரிகளிலும் காத்திருக்கும்படி மாற்றினேன். ஆனால் 9100 இல் கடவுச்சொல் என்ற பேச்சே இல்லை. வலையமைப்பில் உள்ள எவரும் எதையும் அச்சிடலாம். அதனால் யூனிட் கோப்பின் ஐபிஅட்ரஸ்டினை வரியில் எல்லாரையும் மறுத்து, ஐபிஅட்ரஸ்அலவ் வரியில் பில் கணினியை மட்டும் அனுமதித்தேன். கப்ஸுக்குப் பின்னரே தொடங்கு என்பதையும் சேர்த்தேன். ஆஃப்டர் என்ற அந்த வரி வரிசையை மட்டுமே சொல்லும், கப்ஸை எழுப்பாது என்பதால், வான்ட்ஸ் வரியும் உடன் வேண்டும்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்த மாலையில், ரசீதுகள் ஒன்று பிந்தி வரத் தொடங்கின. இரண்டாவதை அனுப்பினால்தான் முதலாவது அச்சாகும். மென்பொருள் சில வேளைகளில் இணைப்பை மூடாமலே வைத்துக்கொண்டு, அடுத்த ரசீதின்போதுதான் பழையதை விடுகிறது. என் நிரலோ மூடுவதற்காகவே காத்திருந்தது. இப்போது 2 வினாடி எதுவும் வராவிட்டால் ரசீது முடிந்ததாகக் கொண்டு அச்சுக்கு அனுப்புகிறது.