சுவருக்குள் ஒயர் இழுத்த கதை

அக்டோபர் 5, 2024, சனி

படிக்கும் அறையில் மேசை போட்டிருக்கும் சுவரில் பிளக் பாயின்டே கிடையாது. கம்பளத்தின் ஓரமாக எக்ஸ்டென்ஷன் கார்டு ஓடுகிறது. ஊரில் என்றால் சுவரை வெட்டி, பைப் பதித்து, பூசிவிடுவார்கள். இங்கே நியூ ஜெர்சியில் சுவர் என்பது மரச்சட்டங்களின் இருபுறமும் அடித்த அரை அங்குல ட்ரைவால், அதாவது காகிதம் ஒட்டிய ஜிப்சம் பலகை; உள்ளே வெற்றிடம். வெட்டுவது சுலபம். அப்புறம் டேப் ஒட்டி, மட் என்கிற பூச்சுப் பசையைப் பூசி, காயவிட்டுத் தேய்த்து, பழைய பெயின்டோடு நிறம் சேர்ப்பதற்குள்தான் உயிர் போகும். ஆகவே ஓட்டைகள் மூன்று இடத்தில்தான்: பிளக் பெட்டிக்கு, சுவரடியில் ஓடும் பேஸ்போர்டு பலகைக்குப் பின்னால், கீழே பேஸ்மென்ட் கூரையில்.

பெர்மிட் வந்துவிட்டது. நாம் குடியிருக்கும் சொந்த வீட்டில் நாமே ஒயரிங் செய்யலாம், இன்ஸ்பெக்டர் பார்க்க வேண்டும். பேனல், அதாவது பிரேக்கர் பெட்டி, வேலை மட்டும் எலக்ட்ரீஷியனுக்கு. மெயினை அணைத்தாலும் தெருவிலிருந்து வரும் கம்பிகளில் மின்சாரம் இருக்கும்; அதில் எனக்கு வீரம் கிடையாது.

அக்டோபர் 6, ஞாயிறு

சட்டங்களைக் கண்டுபிடிக்க ஸ்டட் ஃபைண்டரைவிடச் சின்னக் காந்தம் மேல். ட்ரைவால் திருகு இருக்கும் இடத்தில் ஒட்டிக்கொள்கிறது. 16 அங்குலத்துக்கு ஒரு சட்டம், சரியாக வந்தது. பெட்டி வரப்போகும் இடத்தில் சிறு துளை போட்டு, வளைத்த கம்பியை விட்டுச் சுற்றிப் பார்த்தேன். எதிலும் இடிக்கவில்லை.

கேபிள் பேஸ்மென்டிலிருந்துதான் ஏறி வரவேண்டும். ஆகவே அடுத்து, இந்தச் சுவர் பேஸ்மென்டில் எங்கே வருகிறது என்று தெரிய வேண்டும். துணி மாட்டும் ஹேங்கர் கம்பியில் ஒரு துண்டை ட்ரில்லில் மாட்டி, பேஸ்போர்டை ஒட்டித் தரையில் இறக்கினேன். கம்பளத்தின் இழைகளை விலக்கி, கம்பி நுனி பலகையைத் தொட்ட பிறகே சுழற்ற வேண்டும். இல்லாவிட்டால் இழை சுற்றிக்கொண்டு உருவிவிடும். கம்பி கீழே எட்டிப் பார்த்தது. அங்கிருந்து பேஸ்போர்டு அரை, ட்ரைவால் அரை, சட்டத்தின் பாதி ஒன்றேமுக்கால். ஆக இரண்டேமுக்கால் அங்குலம் தள்ளினால் சுவரின் நட்டநடு. அந்த இடத்தில் கீழிருந்து மேலே முக்கால் அங்குலத் துளை.

அக்டோபர் 12, சனி

பழைய சுவர்களுக்கென்றே விற்கும் பெட்டியைச் சுவரில் வைத்துக் கோடு போட்டேன். முதலில் கத்தியால் காகிதத்தை மட்டும் கீறிவிட்டு, பிறகு ரம்பம். அப்படிச் செய்தால் ஓரம் பிய்ந்து வராது. பையன் வாக்யூமைக் கீழே பிடித்துக்கொண்டான். 20 ஆம்ப் சர்க்யூட், அதனால் மஞ்சள் உறை போட்ட 12 கேஜ் கேபிள். பேஸ்மென்டிலிருந்து, கேபிள் இழுக்க உதவும் வளையும் ராடை ஏற்றினேன். "அப்பா, வந்துடுச்சு, பிடிச்சிட்டேன்!" நான் கேபிளை அதில் கட்டிவிட, அவன் மேலே இழுத்தான். பயந்த அளவுக்கு ஒன்றுமே இல்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

இரண்டாவது பிளக் அதே சுவரின் மறுகோடியில். இடையில் மூன்று சட்டங்கள், கீழே ஏ.சி. குழாய் மறிக்கிறது. ஆகவே பேஸ்போர்டைக் கழற்றினேன். மேல்விளிம்பில் பெயின்டைக் கத்தியால் அறுத்து, அகலமான பட்டி பிளேடை உள்ளே விட்டு மெல்ல நெம்பினால் உடையாமல் வரும். மூன்றேகால் அங்குலப் பலகை. அதன் பின்னால் இரண்டரை அங்குலத்துக்கு ட்ரைவாலை நீளவாக்கில் வெட்டி எடுத்து, சட்டங்களின் நடுவில் துளைத்து கேபிளைக் கொண்டுபோனேன்.

பேஸ்போர்டைத் திரும்ப அடிக்கும் 2 அங்குல ஆணி, பலகை அரை போக, ஒன்றரை அங்குலம் உள்ளே போகும். கேபிள் போகும் துளையோ சட்டத்தின் முகத்திலிருந்து ஒன்றேகால் ஒன்றரைக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. வெட்டிய துண்டைத் திரும்ப வைத்தால் ஆணி அவ்வளவு தூரம் போகாதுதான். இருந்தாலும் ஆணி கேபிளில் ஏறாதபடி ஒவ்வொரு சட்டத்திலும் இரும்புத் தகடு அடித்தேன். நாளைக்கு வேறு யாராவது நீள ஆணி அடித்தால்?

அக்டோபர் 17, வியாழன்

பேஸ்போர்டைத் திறந்தே வைத்திருந்தேன். மூடிவிட்டால் இன்ஸ்பெக்டர் திறக்கச் சொல்வார். மனிதர் தகடுகளைப் பார்த்தார். பெட்டிக்குள் கேபிளின் மேலுறை கால் அங்குலமாவது நுழைந்திருக்கிறதா என்று டார்ச் அடித்தார். கையெழுத்துப் போட்டார்.

அக்டோபர் 19, சனி

எலக்ட்ரீஷியன், ஒயரில் தீப்பொறி பறந்தால் மின்சாரத்தை நிறுத்தும் ஆர்க் ஃபால்ட் பிரேக்கர் போட்டு இணைத்துக் கொடுத்தார். ட்ரைவால் துண்டையும் பேஸ்போர்டையும் பழைய இடத்தில் அடித்து, மேல்விளிம்பில் இடுக்கை அடைக்கும் கால்க் பசை இழுத்தாயிற்று. மட் டப்பாவைத் திறக்கவே இல்லை. திங்கட்கிழமை கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். இறுதிப் பரிசோதனை அடுத்த வாரம்.