இடைவெளிக்கான காரணம்

2022-இல் எங்கள் நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கு ஓர் இளநிலை உதவியாளரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஒரே ஓர் இடத்துக்கு நானூற்றுக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்திருந்தன. அவற்றைச் சலித்தெடுக்கும் மென்பொருளில், படிப்பு முடிந்தபின் ஓராண்டுக்கு மேல் வேலையில் இல்லாதவர்களை நீக்குவதற்கென்று ஒரு கட்டம் உண்டு. எனக்கு முன் இந்தப் பொறுப்பைப் பார்த்தவர் அதில் டிக் போட்டு வைத்திருந்தார்; நானும் அதை மாற்றாமல் பொத்தானை அழுத்தினேன். நொடியில் பட்டியல் பாதிக்கும் கீழே இறங்கியது. மாலையில் கிளம்பும் நேரத்தில், நீக்கப்பட்டவர்கள் யார் யார் என்று பார்த்துவிடலாமே என்று தோன்றியதால் அந்தப் பட்டியலைத் திறந்தேன்.

முதலில் கண்ணில் பட்டது 2020-இல் பட்டம் பெற்ற ஒரு பெண்ணின் விண்ணப்பம். ‘இடைவெளிக்கான காரணம்’ என்ற இடத்தில், கேம்பஸ் இன்டர்வியூவில் தேர்வானதாகவும், சேரும் தேதி இரண்டு முறை தள்ளிப்போனதாகவும், பிறகு ஆஃபர் லெட்டரையே நிறுவனம் திரும்பப் பெற்றுக்கொண்டதாகவும் இரண்டே வரிகளில் எழுதியிருந்தார். அதற்குக் கீழே, உறவினர் ஒருவரின் சிறு தொழிலுக்கு ஒன்றரை ஆண்டுகளாகக் கணக்கு எழுதி, மாதந்தோறும் வங்கிச் சரிகட்டும் பட்டியல் (வங்கியின் கணக்கும் தொழிலின் கணக்கும் ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் பட்டியல்) தயாரித்து வருவதாக ஒரு குறிப்பு. நாங்கள் ஆள் தேடிக்கொண்டிருந்ததே அந்த வேலைக்குத்தான். ஊதியச் சீட்டு இல்லாத வேலை என்பதால் மென்பொருள் அதை வேலையாகவே எண்ணவில்லை. அவரை நேர்காணலுக்கு அழைத்தோம்; வேலையும் அவருக்கே கிடைத்தது. ஆனால் அன்று நான் திறந்து படித்தவை முப்பதோ நாற்பதோ விண்ணப்பங்கள்தாம். மற்றவற்றை ஒருவரும் படிக்கவில்லை என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

ஓர் இளைஞருக்கு வேலை கிடைக்கத் தாமதமானால், அதற்கான காரணத்தை அவருடைய உழைப்பிலும் ஒழுக்கத்திலும் தேடுவது நமக்குப் பழகிப்போன ஒன்று. எந்த ஆண்டில் படிப்பை முடித்தார் என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. பொருளாதார ஆய்வுகள் அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்கின்றன. கனடாவில் 1976 முதல் 1995 வரை கல்லூரியை விட்டு வெளிவந்த ஆண்களின் வருமானத்தைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2012-இல் மூன்று பொருளாதார அறிஞர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மந்தநிலையில் பட்டம் பெற்றவர்களின் தொடக்க வருமானம், நல்ல காலத்தில் பட்டம் பெற்றவர்களின் வருமானத்தைவிட ஏறத்தாழ 9 சதவீதம் குறைவாக இருந்தது. அந்த வேறுபாடு பாதியாகக் குறைய ஐந்து ஆண்டுகளும், முற்றிலும் மறையப் பத்து ஆண்டுகள் வரையும் ஆயின. இருபதிலிருந்து முப்பது வயதுக்குள் வரும் பத்தாண்டுகள் அவை. கல்விக் கடனை அடைப்பதும், திருமணத்தைப் பற்றி முடிவெடுப்பதும், பெற்றோருக்குக் கைகொடுப்பதும் அந்த வயதில்தான் வருகின்றன.

அதே ஆய்வில் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கும் மற்றொரு செய்தி உண்டு. அந்தப் பள்ளத்திலிருந்து ஏறியவர்களில் பலர், முதலில் கிடைத்த சிறிய நிறுவனத்தை விட்டு, மேலான ஊதியம் தரும் நிறுவனங்களுக்கு மாறியே ஏறினார்கள். அப்படி மாற முடியாதவர்களுக்கு இழப்பு நீடித்தது. முதல் வேலையில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடு, எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் சொல்லும் அறிவுரை பலருக்குப் பொருந்தாது என்பதே இதன் பொருள். ஆனால் வேலை மாறுவதற்கும் இரண்டு மூன்று மாதச் செலவுக்கான சேமிப்பாவது கையில் வேண்டும். மாதாமாதம் புதுப்பிக்கப்படும் ஒப்பந்த வேலையில் இருப்பவருக்கு அந்தச் சேமிப்பு எங்கிருந்து வரும்?

ஜப்பானின் அனுபவம் இதைவிடக் கடுமையானது. அங்கே பெரிய நிறுவனங்கள், படிப்பை முடித்தவர்களை ஆண்டுக்கு ஒருமுறை, ஏப்ரல் மாதத்தில் மொத்தமாகச் சேர்த்துக்கொள்ளும் வழக்கமுடையவை. 1990-களின் தொடக்கத்தில் பொருளாதாரம் சரிந்தபின், ஏறத்தாழ 1993 முதல் 2005 வரை அந்த வாசல் குறுகியது. அந்தக் காலத்தை ‘வேலைவாய்ப்பின் பனியுகம்’ என்றே அவர்கள் அழைக்கிறார்கள். அந்த ஆண்டுகளில் படிப்பை முடித்தவர்களில் பலர் தற்காலிக வேலைகளிலேயே தங்கிவிட்டார்கள். பொருளாதாரம் மீண்டபோது நிறுவனங்கள் அந்த ஆண்டின் புதிய பட்டதாரிகளைத் தேடிப் போயினவே தவிர இவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. நாற்பதை நெருங்கியும் கடந்தும் விட்ட அந்தத் தலைமுறைக்கு நிரந்தர வேலை தேடித்தர 2019-இல் அரசே ஒரு தனித் திட்டத்தை அறிவிக்க வேண்டியிருந்தது. ஒரு டிக் குறி ஒரு நாட்டின் அளவுக்குப் பெரிதானால் என்ன ஆகும் என்பதை அங்கே காணலாம்.

செய்திகளில் வரும் வேலையின்மை விகிதம் இவற்றில் பெரும்பகுதியைக் காட்டுவதில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வரையறையின்படி, கணக்கெடுக்கும் வாரத்தில் ஊதியத்துக்காக ஒரு மணி நேரம் உழைத்தவரும் வேலையில் இருப்பவரே. தேடித் தேடிச் சலித்து விண்ணப்பிப்பதையே நிறுத்திவிட்டவர் வேலையற்றோர் கணக்கில் வரவே மாட்டார். அதனால்தான் அந்த அமைப்பு வேலையிலும் படிப்பிலும் பயிற்சியிலும் இல்லாத இளைஞர்களைத் தனியாக எண்ணுகிறது. 2023-இல் 15 முதல் 24 வயது வரையிலானவர்களின் உலகளாவிய வேலையின்மை விகிதம் 13 சதவீதம். பதினைந்து ஆண்டுகளில் அதுவே மிகக் குறைந்த அளவு என்று பேசப்பட்டது. அதே ஆண்டில் வேலை, படிப்பு, பயிற்சி மூன்றிலும் இல்லாதவர்கள் ஐவரில் ஒருவர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பெண்கள். முதல் எண்ணை மட்டும் படித்துவிட்டு, இளைஞர்களுக்கு இப்போது நல்ல காலம் என்று எழுதுகிறவர்கள் இரண்டாவது எண்ணையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

சரி, புதியவர்களை எடுத்துப் பயிற்றுவிக்க நிறுவனங்கள் ஏன் தயங்குகின்றன? கேரி பெக்கர் என்ற பொருளாதார அறிஞர் 1960-களிலேயே இதற்கு ஒரு விளக்கம் தந்தார். எங்கும் பயன்படக்கூடிய திறமையை ஒருவருக்குக் கற்றுக்கொடுத்தால் அவர் அதை எடுத்துக்கொண்டு வேறிடம் போய்விடலாம். ஆகவே அந்தப் பயிற்சியின் செலவை நிறுவனம் ஏற்க விரும்பாது, குறைந்த ஊதியத்தின் வழியாகக் கற்பவரே அதைச் சுமக்க வேண்டியிருக்கும். ஊதியமில்லாத இன்டர்ன்ஷிப் அந்தச் சுமையின் எல்லை. வீட்டில் வசதி இருப்பவரால் ஆறு மாதம் சும்மா உழைத்து ‘எக்ஸ்பீரியன்ஸ்’ என்ற ஒரு வரியைச் சம்பாதிக்க முடியும், இல்லாதவரால் முடியாது. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளில் இந்தச் செலவைப் பங்கிட்டுக்கொள்ள ஒரு வழி கண்டிருக்கிறார்கள். பயிற்சியாளர் வாரத்தில் ஓரிரு நாட்கள் தொழிற்பள்ளிக்கும் மற்ற நாட்கள் நிறுவனத்துக்கும் போகிறார். நிறுவனம் அவருக்கு ஒரு தொகை தருகிறது, பள்ளியின் செலவை அரசு ஏற்கிறது. இதை அப்படியே வேறிடத்தில் பெயர்த்து நட்டுவிட முடியாது. ஆனாலும், புதியவரைப் பயிற்றுவிப்பது யார் பொறுப்பு என்பதற்கு அங்கே ஒரு பதில் இருக்கிறது.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிவிட்டது. முதல் வரைவு எழுதுவதும், ரசீதுகளை வகைப்படுத்துவதும், நீண்ட அறிக்கையைச் சுருக்குவதும் புதியவர்கள் தொழிலைக் கற்றுக்கொள்ளும் வேலைகளாக இருந்தன. நானும் தவறான பக்கத்தில் பதிந்த ஒரு தொகையைத் தேடி இரண்டு நாள் பேரேட்டைப் புரட்டித்தான் கணக்கின் நெளிவு சுளிவுகளைக் கற்றுக்கொண்டேன். அந்த வேலையை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டால், இன்னும் பத்து ஆண்டுகளில் அந்த இயந்திரத்தின் பிழையைக் கண்டுபிடிக்கப் போகிறவரை நாம் எங்கே பழக்கப்போகிறோம் என்று மேலாளர்களிடம் கேட்டிருக்கிறேன். தெளிவான பதில் கிடைக்கவில்லை.

எங்கள் மென்பொருளில் அந்தக் கட்டத்தில் இப்போது டிக் இல்லை. இடைவெளி உள்ள விண்ணப்பங்களையும் இருவர் பிரித்துக்கொண்டு படிக்கிறோம். நான்கு நாள் கூடுதலாகப் பிடிக்கிறது. விளம்பரத்தில் உள்ள ‘இரண்டு ஆண்டு அனுபவம் கட்டாயம்’ என்ற வரியை நீக்கச் சொல்லி மூன்று முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன். ‘கட்டாயம்’ என்பதை ‘விரும்பத்தக்கது’ என்று மாற்றுவதுவரை வந்திருக்கிறார்கள். அடுத்த விளம்பரத்துக்கு முன் நான்காவது முறையும் எழுதிக் கொடுப்பேன்.