முதலாம் ஆண்டு நுண்கணிதம் எங்களிடம் கேட்டவை

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமெனச் சங்கத்தினர் கேட்டபோது, விளையாட்டுப் போட்டிகளையும் நாடக விழாக்களையும் பற்றி எழுத வேறு பலர் இருக்கிறார்கள் என்பதால், எங்களிற் பலருடைய தூக்கத்தைக் கெடுத்த முதலாம் ஆண்டு நுண்கணிதப் பாடத்தைப் பற்றி எழுத ஒப்புக்கொண்டேன். நம் பிள்ளைகள் இன்று தத்தம் கல்லூரிகளில் அதே பாடத்தைப் படிக்கிறார்கள். அவர்கள் கொண்டுவரும் பாடத்திட்டத் தாள்களைப் பார்க்கும்போது, மாணவரிடம் கேட்கப்படுபவை அன்றுபோலவே இருக்கின்றன.

எங்கள் தாள் முதல் விரிவுரையிலேயே கைக்கு வந்தது. வரவு, ஒப்படைகளுக்கும் பரீட்சைகளுக்கும் உரிய புள்ளிகள், பிந்திய ஒப்படை ஏற்கப்படாது என்ற எச்சரிக்கை ஆகியவற்றையே எல்லோரும் கவனமாகப் படித்தோம். விரிவுரை ஒரு மணித்தியாலம் என்றால் தனிப்படிப்பு இரண்டு மணித்தியாலமாவது வேண்டும் என்ற வரியை மட்டும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது மிகையன்று என்பதற்கான காரணம் பாடத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. எல்லை, அதாவது ஒரு கோவை எந்தப் பெறுமானத்தை நெருங்குகிறது என்பது, விளங்காதவருக்கு மாறும் வீதத்தைக் காணும் வகையீடு விளங்காது; சார்புக்குள் சார்பு இருக்கும்போது வகையிட உதவும் சங்கிலி விதி கையிற் படியாதவருக்கு, அதைத் திருப்பிச் செய்வதான பிரதியீட்டு முறையில் தொகையிடுவது எட்டாது. வரலாற்றில் ஓர் அத்தியாயத்தைத் தவறவிட்டவர் அடுத்ததிலிருந்து தொடரலாம். இங்கே அந்தச் சலுகை கிடையாது.

தாளின் மிக முக்கியமான பகுதி, ‘முன்னறிவு’ என்ற தலைப்பின்கீழ் இருந்த இரண்டு வரிகள்தாம். அட்சரகணிதம், சார்புகளும் வரைபுகளும், திரிகோணகணிதம், சுட்டிகளும் மடக்கைகளும் தெரிந்திருக்க வேண்டும் என்று அவை கூறின. தொடக்கத்தில் வைத்த சோதனையில் நுண்கணிதக் கேள்வி ஒன்றுகூட இல்லை. விடுமுறையிலேயே, வகையிட்டால் கிடைக்கும் பெறுதிகளின் சூத்திரங்களை மனப்பாடம் செய்துகொண்டு வந்தவர்களுக்கு அது பெரிய ஏமாற்றம். ஆனால் அச்சோதனையின் நியாயம் சில கிழமைகளில் வெளிப்பட்டது. எக்ஸின் வர்க்கமூலத்துக்கு வரைவிலக்கணத்திலிருந்து பெறுதி காணச் சொன்னார்கள். எக்ஸ் கூட்டல் எச் என்பதன் வர்க்கமூலத்திலிருந்து எக்ஸின் வர்க்கமூலத்தைக் கழித்து எச்சால் வகுத்தால், எச் பூச்சியத்தை அணுகும்போது மேலும் கீழும் பூச்சியமாகி வழி அடைபட்டுவிடும். தொகுதியிலுள்ள கழித்தற் குறியைக் கூட்டலாக மாற்றி, அந்தக் கோவையால் தொகுதியையும் பகுதியையும் பெருக்கினால் மேலே எச் மட்டும் மிஞ்சும். அது கீழேயுள்ள எச்சுடன் வெட்டுப்பட்டுப் போகும். அதன் பின்னர் எல்லையை எடுத்தால், ஒன்றை எக்ஸின் வர்க்கமூலத்தின் இருமடங்கால் வகுத்த விடை கிடைக்கும். இதில் நுண்கணிதம் முதல் வரியிலும் கடைசி வரியிலும் மட்டுமே உண்டு. நடுவில் உள்ளதெல்லாம் அட்சரகணிதம். கூட்டுத்தொகையின் வர்க்கமூலத்தைத் தனித்தனியே பிரித்தெழுதப் பழகியவர், 9ஐயும் 16ஐயும் கூட்டி மூலம் எடுத்தால் 5 வரும், 7 வராது என்பதைச் சற்றே நினைத்திருந்தால் தப்பியிருப்பார்; நினைக்காதவர் இரண்டாம் வரியிலேயே விழுந்தார். அப்பாடத்தில் சித்தியடையாதவர்களிற் பெரும்பாலோரை வீழ்த்தியது நுண்கணிதமன்று என்பது என் உறுதியான எண்ணம்.

விடையைவிட வழிக்கே புள்ளி என்ற நிபந்தனையும் பலருக்குக் கசந்தது. சைன் எக்ஸை எக்ஸால் வகுத்து, எக்ஸ் பூச்சியத்தை அணுகும்போது எல்லை காணும் கணக்கில், ஒரு மாணவர், மேலுக்கும் கீழுக்கும் தனித்தனியே பெறுதி கண்டு எல்லையை எடுக்கும் லோபிதால் விதியால் ஒரே வரியில் 1 என்று எழுதியிருந்தார். விடை சரி, புள்ளி பூச்சியம். சைனின் பெறுதி கோசைன் என்பதை நிறுவுவதற்கே அந்த எல்லை வேண்டும் என்பதால், அந்தப் பெறுதியைக்கொண்டு அதே எல்லையை நிறுவ முடியாது என விரிவுரையாளர் விளக்கினார். (1696இல் வெளியான லோபிதாலின் நூலில் வந்த அவ்விதியே உண்மையில் யோகான் பெர்னூலி கண்டது என்பதையும் அவர் சிரித்தபடி சேர்த்துக்கொண்டார்.) கோணங்களை ஆரையனில் (ரேடியனில்) மட்டும் எழுத வேண்டும் என்ற கண்டிப்பின் காரணமும் அன்றுதான் புரிந்தது, பாகையில் அளந்தால் அதே எல்லை, பையை 180ஆல் வகுத்த எண்ணாகிவிடும். அதே கண்டிப்பு அடைப்புக்குறிக்கும், எல்லை எடுக்கும்வரை ஒவ்வொரு வரியிலும் எல்லைக் குறியை எழுதுவதற்கும், தொகையீட்டின் இறுதியில் வரும் மாறிலிக்கும் இருந்தது. கணிப்பானுக்குப் பரீட்சை மண்டபத்தில் இடமில்லை.

எழுதிய விதியைச் சிறிய உதாரணத்தில் வைத்துச் சோதிக்க வேண்டும் என்பது தாளில் இல்லாத, ஆனால் ஓயாமல் சொல்லப்பட்ட எதிர்பார்ப்பு. பெருக்கத்தின் பெறுதி பெறுதிகளின் பெருக்கம்தான் என்று யாராவது எழுதினால், எக்ஸை எக்ஸால் பெருக்கிப் பார்க்கச் சொல்வார் விரிவுரையாளர்: அந்தத் தவறான விதி 1 என்று தரும், சரியான விடையோ 2 எக்ஸ். கணித மேதை லைப்னிட்சே 1675இல் தம் குறிப்புகளில் இந்த ஐயத்தை எழுப்பி, உதாரணத்தால் சோதித்து, அதைக் கைவிட்டவர் என்று கேட்டபோது எங்களுக்கு ஆறுதலாக இருந்தது. எல்லையின் வரைவிலக்கணமும் அப்படித்தான். நியூட்டனும் லைப்னிட்சும் 17ஆம் நூற்றாண்டில் நுண்கணிதத்தை உருவாக்கியிருந்தும், கோசி, வயர்ஸ்ட்ராஸ் ஆகிய கணிதவியலாளர்கள் எல்லைக்குத் திடமான அடித்தளம் இட 19ஆம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. ஆகவே எப்சிலன், டெல்டா என்ற கிரேக்க எழுத்துகளோடு தொடங்கும் அந்த வரைவிலக்கண வாக்கியம் முதல் வாசிப்பில் விளங்காதது இயல்பே. விளங்கும்வரை அதைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்க்கவேண்டும் என்பதே எங்களிடம் எதிர்பார்க்கப்பட்டது.

ஐயம் கேட்க விரிவுரையாளருடைய அறைக்குச் செல்வதற்கும் ஒரு நிபந்தனை இருந்தது: முயன்று பார்த்த தாளுடன் வரவேண்டும். ‘எனக்கு ஒன்றும் விளங்கவில்லை’ என்று வெறுங்கையோடு போனவரைத் திருப்பி அனுப்பிவிடுவார். பிழையாகவேனும் எழுதிக்கொண்டு போனால், முதலாவது தவறான வரியில் பேனாவை வைத்து, அதற்கு முந்திய வரியிலிருந்து எங்களைக்கொண்டே மீண்டும் எழுதுவிப்பார். பேனா நின்ற இடம் பெரும்பாலும் ஒரு பின்னமாகவோ கழித்தற் குறியாகவோதான் இருந்தது. இவ்வாண்டு கல்லூரி புகும் பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் கேட்டால், இந்த விடுமுறையில் வகையீட்டை முற்கூட்டிப் படிப்பிக்க வேண்டாம், பின்னங்களையும் சுட்டிகளையும் திரிகோணகணிதச் சர்வசமன்பாடுகளையும் செய்யவிடுங்கள் என்றே சொல்லிவருகிறேன்.