கீசருக்கு அடியில் வைத்த வாளி

மார்கழி பிறந்து மூன்றாம் நாள். விடிகாலையில் எழுந்து பார்த்தால் பாத்ரூம் தரையெல்லாம் ஈரம். யாரும் குளித்திருக்கவில்லை. அண்ணாந்து பார்த்தேன். கீசரின் அடிமூடியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். ஒரு வாளியை எடுத்து அடியில் வைத்தேன். சாயங்காலத்துக்குள் கால் வாளி நிறைந்துவிட்டது.

எங்கள் வீடு திருநகர் மூன்றாவது ஸ்டாப் பக்கம். மதுரையில் கீசர் எதற்கு, மத்தியானம் மொட்டைமாடி டேங்குத் தண்ணீரே கொதிக்குமே என்று வருகிறவர்கள் கேட்பார்கள். அத்தைக்கு 78 வயது, முட்டுவலி. நாலரை மணிக்கே குளித்தாக வேண்டும். அந்த நேரத்தில் டேங்குத் தண்ணீர் சில்லென்று இருக்கும்.

கீசர் வாங்கின கம்பெனியின் சர்வீஸுக்குப் போன் செய்தோம். வந்தவர் மூடியைக்கூடக் கழற்றவில்லை. "டேங்க் போயிருச்சு, புதுசு வாங்கிருங்க" என்று சொல்லிவிட்டு, பார்க்க வந்ததற்குப் பணம் வாங்கிக்கொண்டு போனார். எனக்கு மனசு ஆறவில்லை. 15 லிட்டர் கீசர், ஐந்து வருஷம்கூட ஆகவில்லை.

யோசித்துக்கொண்டே வாளியை மாற்றி மாற்றி நான்கு நாள் ஓட்டினேன். அப்படிச் செய்திருக்கக் கூடாது. ஐந்தாம் நாள் அத்தை, "குழாயத் தொட்டா விரல் சுருக்குங்குதும்மா" என்றார். என் ஈரக்குலையே நடுங்கிவிட்டது. ஓடிப்போய் சுவிட்சை அணைத்து, மெயின் போர்டில் கீசருக்கான எம்சிபி என்ற பாதுகாப்பு சுவிட்சையும் இறக்கினேன். கீசர் ஒழுகினால் முதல் நாளே செய்ய வேண்டிய காரியம் இதுதான். வாளியெல்லாம் அப்புறம்.

எங்கள் தெருவில் எலக்ட்ரிக் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் அன்று மாலையே வந்தார். முதலில் துணியால் எல்லாவற்றையும் துடைத்து, அடியில் செய்தித்தாளை விரித்துவிட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் இருக்கும் சேஃப்டி வால்வைக் காட்டி, சுடும்போது மட்டும் அது சொட்டினால் கோளாறு இல்லை என்றார். தண்ணீர் சூடானால் விரியும். 25 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குப் போனால் 15 லிட்டர் தண்ணீர் கிட்டத்தட்ட கால் லிட்டர் கூடிவிடும். அது வெளியேற வழி வேண்டுமே. ஆனால் எங்கள் கீசர் ஆறிக் கிடக்கும்போதும் சொட்டியது, அதுவும் வயர் நுழையும் நடுப்பகுதியிலிருந்து.

கீசருக்குத் தண்ணீர் விடும் ஆங்கிள் காக்கை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் வருகிற ஹோஸைக் கழற்றி முழுவதும் வடித்தார். அடிமூடியின் நான்கு போல்ட்டையும் கழற்றியதும், தண்ணீரைச் சுடவைக்கும் எலிமெண்டோடு சேர்ந்து பொலபொலவென்று வெள்ளைக் கட்டிகள் கொட்டின. "பாருங்கக்கா, இம்புட்டு உப்பு!" எங்கள் போர்வெல் தண்ணீரின் சுண்ணாம்புதான் சூட்டில் அப்படி இறுகிப்போகிறது. சில மாதமாகக் கீசர் கரகரவென்று சத்தம் போட்டதற்கும், வெந்நீருக்கு அதிக நேரம் காத்திருந்ததற்கும் காரணம் அப்போதுதான் புரிந்தது.

எலிமெண்டுக்குப் பக்கத்தில் விரல் தடிமனுக்கு ஒரு மெக்னீசியம் கம்பி இருக்க வேண்டுமாம். ஆனோடு என்கிறார்கள். இரும்பு டேங்கை அரிக்க வரும் தண்ணீர் முதலில் இந்தக் கம்பியைத்தான் தின்னும். கம்பி தீர்ந்துபோனால் அடுத்தது டேங்க். எங்கள் கீசரில் வெறும் உள்கம்பி மட்டும் ஈர்க்குச்சி போல நின்றது. இதை மாற்ற வேண்டும் என்று இத்தனை வருஷத்தில் ஒருவரும் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

டார்ச் அடித்துப் பார்த்தார். டேங்கில் ஓட்டை இல்லை. தண்ணீர் கசியாமல் அடைக்கும் ரப்பர் கேஸ்கெட்தான் வெந்து விரிந்து, அந்த வழியாக ஒழுகியிருக்கிறது. டேங்கே ஓட்டையாகியிருந்தால் ஒட்டுப் போட வழியில்லை, மாற்றத்தான் வேண்டும் என்றார்.

எலிமெண்ட், ஆனோடு, கேஸ்கெட் மூன்றையும் மாற்றினார். கூலியோடு 1,850 ரூபாய்.

அதோடு விட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதி வந்திருக்காது. ஷாக் எப்படி வந்தது என்று கேட்டேன். டெஸ்ட் விளக்கை பிளக் பாயிண்டில் வைத்துப் பார்த்தார். கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த்தில் மினுக்மினுக்கென்றுதான் எரிந்தது, எர்த் சரியில்லை. கொல்லையில் இருந்த எர்த் குழி காய்ந்து, கம்பி துருப்பிடித்துக் கிடந்தது. கம்பியை மாற்றி, கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் விட்டோம். மறுநாள் மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் போட்டாயிற்று. கொஞ்சம் மின்சாரம் கசிந்தாலும் அது உடனே கட் பண்ணிவிடும். கீசருக்குச் செலவழித்ததைவிட இதற்குத்தான் அதிகம். நான் கணக்குப் பார்க்கவில்லை.

போகும்போது தம்பி ஒன்று சொன்னார்: "வெந்நீர்க் குழாய்ல நல்லா தண்ணி வந்த பெறகுதான் சுவிட்சப் போடணும்க்கா. காலி டேங்க்ல போட்டா எலிமெண்ட் கருகிரும்."

செய்தித்தாளை இன்னும் எடுக்கவில்லை. இன்றோடு ஆறு நாள், காய்ந்தே கிடக்கிறது. அத்தை குளித்துவிட்டு வாசலுக்கு வந்து, நான் போடும் கோலத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்.