பதிவுப் பெயரும் வீட்டுப் பேரும்: 31ஆம் நாளுக்கும் 42ஆம் நாளுக்கும் இடையில்

இலங்கையில் பிள்ளை பிறந்தால் 42 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். இந்துக் குடும்பங்களில் துடக்கு (பிறப்புத் தீட்டு) கழித்துப் பெயர் வைப்பது 31ஆம் நாள். இடையில் மிஞ்சுவது 11 நாள். திருகோணமலையில் நாங்கள் பார்த்த பெயர்ப் பிழைகளில் பாதிக்கு மேல் இந்த 11 நாளில் நடந்தவை. சாத்திரியார் நட்சத்திரம் பார்த்துக் கொடுத்த தொடக்க எழுத்துக்குப் பெயர் தேடுவது, பெரியப்பா ஒரு பெயர் சொல்வது, கனடாவிலிருந்து மாமி இன்னொன்று சொல்வது என்று ஒரு கிழமை ஓடிவிடும். கடைசி நாளில் தகப்பன் பதிவாளருக்கு முன் இருந்து, வீட்டில் கூப்பிடும் பேரையே சொல்லிவிட்டு வருவார். கிண்ணியா, மூதூர் முஸ்லிம் குடும்பங்களில் ஏழாம் நாளே பெயர் வைத்துவிடுவதால் 35 நாள் கையில் இருக்கிறது. அங்கே இந்த நெருக்கடி குறைவு.

முதலில் தெரிய வேண்டியது, பதற்றப்பட்டு எதையாவது எழுதிக் கொடுக்கத் தேவையில்லை என்பது. 42 நாள் தாண்டினாலும் மூன்று மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பதியலாம். மூன்று மாதம் கடந்தால்தான் அது காலம் கடந்த பதிவாகி, வேறு படிவம், சத்தியக் கூற்று, கூடுதல் ஆதாரங்கள் என்று நீளும். பெயர் முடிவாகாவிட்டால் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டும் பிறப்பைப் பதியலாம். பிறகு பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 27ஆம் பிரிவின் கீழ் பெயரைச் சேர்க்கலாம். ஆனால் அதற்கு இன்னொரு விண்ணப்பம், இன்னும் சில நடை. எங்கள் எண்ணம், இரண்டு கிழமை பிந்தினாலும் பெயரோடு பதிவதே மேல்.

எங்கே பதிவது என்பதிலும் பலர் தடுமாறுகிறார்கள். பிள்ளை எந்த இடத்தில் பிறந்ததோ அந்தப் பிரிவுப் பதிவாளரிடம்தான் பதிய வேண்டும். வீடு இருக்கும் இடத்தில் அல்ல. சம்பூரிலோ வெருகலிலோ இருக்கும் தாய் திருகோணமலைப் பொது வைத்தியசாலையில் பிள்ளை பெற்றால், பதிவு நகரத்தில்தான். ஆகவே ஆஸ்பத்திரியிலிருந்து துண்டு வெட்டி (விடுவிக்கப்பட்டு) வீட்டுக்குப் போகும்போதே பிறப்பு அறிக்கையைக் கேட்டு வாங்கி, எந்தப் பதிவாளர், எந்த நாளில் இருப்பார் என்பதையும் விசாரித்துக்கொண்டு போனால் ஒரு நாள் பயணம் மிஞ்சும்.

கொண்டுபோக வேண்டியவை: ஆஸ்பத்திரி அறிக்கை, தாய் தகப்பனின் விவாகப் பதிவுச் சான்றிதழ், இருவருடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை. இவற்றை எல்லாரும் கொண்டுபோகிறார்கள். மறப்பது பாட்டனாரின் விபரத்தை. இலங்கைப் பிறப்புப் பதிவில் பாட்டனாரின் முழுப் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் கேட்கும் கட்டம் உண்டு. வீட்டுப் பேர் எவ்வளவு தூரம் வேலை செய்கிறது என்பதை இந்தக் கட்டத்தில்தான் பார்க்கலாம். ஊர் முழுக்க 'சின்னராசா அண்ணை' என்று தெரிந்த மனிதருக்குப் பத்திரத்தில் இருப்பது முற்றிலும் வேறு பெயர். மகனுக்கே அது சட்டென்று நினைவு வராது. பேனையைப் பிடித்துக்கொண்டு பதிவாளர் காத்திருக்க, தகப்பன் வெளியே போய் வீட்டுக்கு அழைப்பு எடுப்பார். பாட்டனாரின் பத்திரத்தைத் தேடி எடுத்து, படம் பிடித்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனிப் பெயருக்கு வருவோம். நட்சத்திர எழுத்து பார்ப்பவர்களுக்குப் பிறந்த நேரம் சரியாகத் தெரிய வேண்டும். சந்திரன் ஒரு நட்சத்திரத்தில் ஏறக்குறைய ஒரு நாள் நிற்கும். நான்கு பாதங்கள் என்பதால் ஒரு பாதத்துக்கு ஆறு மணித்தியாலம் அளவில் வரும். எல்லையில் பிறந்த பிள்ளைக்கு வாக்கியப் பஞ்சாங்கம் ஒரு பாதத்தையும் திருக்கணிதப் பஞ்சாங்கம் இன்னொன்றையும் காட்டக்கூடும். எது உங்கள் வீட்டு வழக்கம் என்று முதலே முடிவெடுத்து ஒன்றையே பாருங்கள். இரண்டையும் பார்த்தால் இரண்டு எழுத்து வரும், பிறகு வீட்டில் இரண்டு கட்சி.

கார்த்திகைக்கு அ, இ, உ, எ. மகத்துக்கு ம, மி, மு, மே. இவற்றுக்குப் பெயர் கொட்டிக் கிடக்கிறது. இடைஞ்சல் ஆயிலியத்தில்தான்: டி, டு, டே, டோ. தமிழில் ட எழுத்தில் சொல் தொடங்காது. நம்மவரிடையே டிலக்ஷன், டினோஜன், டிலக்சிகா போன்ற பெயர்கள் பெருகியதற்கு இந்த எழுத்துக் கட்டாயமும் ஒரு காரணம். அந்தப் பெயர் பிடித்திருந்தால் வைக்கலாம். பிடிக்காவிட்டால் வழி இருக்கிறது. துடக்குக் கழிவன்று பிள்ளையின் காதில் மூன்று தரம் சொல்லும் பெயரை நட்சத்திர எழுத்தில் வைத்து, அதையே வீட்டுப் பேராக வைத்துக்கொள்ளுங்கள். பதிவில் நீங்கள் விரும்பும் பெயரை எழுதுங்கள். காதில் சொன்ன பெயரைத்தான் பதிய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கிறிஸ்தவக் குடும்பங்களில் ஞானஸ்நானப் பெயருக்கும் இதையே சொல்வோம். ஆனால் அங்கே ஒரு கவனம் வேண்டும். கோயில் பதிவேட்டில் உள்ள பெயர் பின்னாளில் திருமணத்தின்போது வெளியே வரும். அதிலும் பதிவுப் பெயரைச் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

வீட்டுப் பேர் தேவையா என்று சில இளம் பெற்றோர் கேட்கிறார்கள். தேவை என்பதே எங்கள் பதில். மாமனாரின் பெயரைப் பேரனுக்கு வைத்தால் மருமகள் அதை வாய்விட்டுக் கூப்பிட மாட்டாள் என்ற வழக்கம் இன்னும் பல வீடுகளில் உண்டு. 'குட்டி'யும் 'ராசா'வும் 'குஞ்சு'வும் அந்த மரியாதையால் நிலைத்த பேர்கள். கோணேசர் கோயிலடியில் பெயர் எடுக்கும் குடும்பங்களில் கோணேசலிங்கம், கோணேஸ்வரி, மாதுமை என்று வைப்பார்கள். முற்றத்தில் நின்று கூப்பிடக் கோணேசலிங்கம் நீளம், ஆகவே 'கோணேஸ்' ஆகும். பெயர் தெரிவு செய்யும்போதே அது எப்படிச் சுருங்கும் என்று வாயால் சொல்லிப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் எப்படியும் சுருக்கப் போகிறார்கள். அந்தச் சுருக்கம் உங்களுக்குப் பிடித்திருந்தால் தனியாக வீட்டுப் பேர் தேட வேண்டாம். பிடிக்கவில்லை என்றால் முந்திக்கொண்டு நீங்களே ஒன்றை வையுங்கள். இரண்டு எழுத்து, கடைசியில் உயிரோசை: கவி, துஷி, யாழி. தூரத்தில் நின்று கூப்பிட்டாலும் காதில் விழும். நாற்பது வயதிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதையும் நினையுங்கள். எங்கள் மரண அறிவித்தல்களில்கூட வீட்டுப் பேரை அடைப்புக்குறிக்குள் போடுகிறோம். போடாவிட்டால் யார் செத்தது என்று அயலுக்கே தெரியாது.

ஆனால் அது கடதாசியில் ஏறக்கூடாது. ஏறும் இடங்கள் தெரிந்தவைதான். கிளினிக் கொப்பியில் குடும்பநல மாது கேட்கும்போது அம்மம்மா சொல்வது, முன்பள்ளிப் பதிவு, வங்கியில் பிள்ளையின் சேமிப்புக் கணக்கு. 'டிலக்ஷன்' என்று பதிந்த பிள்ளை முன்பள்ளிச் சான்றிதழில் 'திலக்சன்', வங்கிப் புத்தகத்தில் 'குட்டி' என்று மூன்று ஆளாகிவிடும். முதலாம் வகுப்பு அனுமதியில் பிறப்புப் பத்திரம் பார்ப்பார்கள் என்பதால் அங்கே பெரும்பாலும் நேராகும். 15 வயதில் அடையாள அட்டைக்குப் பாடசாலை ஊடாக விண்ணப்பிக்கும்போது மிச்சம் எல்லாம் தெரியவரும். அப்போது கிராம அலுவலரின் கடிதம், சமாதான நீதவான் முன் 'இரு பெயரும் ஒருவரே' என்ற சத்தியக் கடதாசி என்று அலைய வேண்டும். 'இன்னார் என்கிற இன்னார்' என்று பதிவிலேயே இரண்டையும் எழுதச் சொல்லிச் சிலர் கேட்கிறார்கள். செய்யாதீர்கள். அந்த 'என்கிற' வாழ்நாள் முழுவதும் ஒவ்வொரு படிவத்திலும் கூடவே வரும்.

பெயர்க் கட்டத்தில் தகப்பன் பெயரைச் சேர்ப்பதா என்ற கேள்விக்கு, சேருங்கள் என்போம். எங்கள் வழக்கப்படி தகப்பன் பெயர் முன்னே, பிள்ளை பெயர் பின்னே, இரண்டும் முழுதாக. வெளிநாட்டில் கடைசிப் பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு பிள்ளையின் பெயரால் தகப்பனையும் அழைக்கிறார்கள் என்பது உண்மைதான். அதற்காக ஒரு பிள்ளைக்கு ஒரு ஒழுங்கும் மற்றப் பிள்ளைக்கு வேறு ஒழுங்கும் வைத்தால் சகோதரர் என்று காட்டவே கடிதம் தேவைப்படும்.

ஆங்கில எழுத்துக்கூட்டல்தான் மிகக் கூடுதலாகப் பாழாகும் இடம். தமிழில் க ஒன்றுதான். ஆங்கிலத்தில் அது கே ஆகவும் ஜீ ஆகவும் போகும். ப-வுக்கு P-யும் B-யும், ச-வுக்கு எஸ்ஸும் சீயும் எஸ்-எச்சும். மாதுமை என்ற எளிய பெயரையே எடுங்கள். நடுவில் ரி மட்டுமா, ரி-எச்சா? முடிவில் ஏ-ஐ-யா, ஏ-வையா? நான்கு விதமாக எழுதலாம். பத்திரத்தைத் தமிழில் எடுத்தால், கடவுச்சீட்டுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவர் ஒரு விதமாக எழுதுவார், பரீட்சை விண்ணப்பத்தில் ஆசிரியர் இன்னொரு விதமாக நிரப்புவார். ஆகவே பெயர் முடிவான அன்றே ஆங்கில எழுத்துகளையும் முடிவு செய்து, கிளினிக் கொப்பியின் உள்மட்டையில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். மொழிபெயர்ப்புக்குக் கொடுக்கும்போது அந்தக் கூட்டலை எழுதிக் கொடுத்து அப்படியே போடச் சொல்லுங்கள். எண்கணிதம் பார்த்து இடையில் ஓர் ஏ, கடைசியில் ஓர் எச் கூட்டுபவர்களும் அதை இந்த நேரத்திலேயே செய்துவிடட்டும். பிறகு கூட்டினால் அது பெயர் மாற்றம்.

கையெழுத்து வைக்கும் நேரம் மிக முக்கியம். பதிவாளர் எழுதி முடித்து வாசித்துக் காட்டுவார். காதால் கேட்டுத் தலையாட்ட வேண்டாம். புத்தகத்தைத் திருப்பிக் கேட்டு, விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். ழ, ள, ல. ண, ன, ந. க்ஷவா க்சவா. காதுக்கு யாழினியும் யாளினியும் இங்கே ஒன்றுபோலத்தான் கேட்கும். கையெழுத்துக்கு முன் கண்டால் அந்த இடத்திலேயே சரியாகும். பிறகு கண்டால், எழுத்துப் பிழைக்கு 52ஆம் பிரிவு, பெயரையே மாற்றுவதற்கு 27ஆம் பிரிவு. நகரத்தவர்களுக்குப் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில் உள்ள பதிவாளர் கிளையில் விண்ணப்பம் எடுக்கலாம். 21 வயதுக்குள் பெற்றோரோ பாதுகாவலரோ, அதன் பின் ஆளே விண்ணப்பிக்க வேண்டும். புதுப் பெயரைப் பாவித்ததற்கான ஆதாரங்களைக் கேட்பார்கள்: பாடசாலைப் பதிவு, சாதகம், ஞானஸ்நானச் சான்றிதழ் போன்றவை. வீட்டுப் பேர் எந்தக் கடதாசியிலும் ஏறாமல் இருந்திருந்தால், அதைப் பதிவுப் பெயராக்க ஆதாரம் கிடைப்பது கடினம். பழைய கொப்பிகளை எறிய வேண்டாம் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

இரண்டாவது பிள்ளைக்குப் பதியப் போகும்போது மூத்த பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தையும் எடுத்துப் போங்கள். தகப்பன் பெயரின் எழுத்து, பாட்டனார் பெயர், தாயின் முழுப் பெயர் மூன்றும் அதே எழுத்தில் வரவேண்டும். அதைப் பதிவாளருக்கு முன் மேசையில் விரித்து வையுங்கள்.